கொடுக்கல் வாங்கற் கணினியும் அதன் மேற்பார்வையும்

வணிகம் தோன்றிய நாளிலேயே கணக்கும் உடன் தோன்றிற்று. கணக்கு எழுதுவோன் ஒருவன் உளனாயின், அவன் எழுதியதைச் சரிபார்ப்போன் ஒருவனும் வேண்டப்பட்டான். சிறு கடையில் முதலாளியே இவ்விரு தொழில்களையும் செய்தான். கடை பெருகிப் பல கிளைகளாக விரிந்தபோது கணக்கப்பிள்ளைகள் பலரையும், அவர்களுக்கு மேல் ஒரு மேற்பார்வையாளனையும் அமர்த்த வேண்டியதாயிற்று. இக்காலத்திற் கணக்கெழுதும் தொழிலைக் கணினி ஏற்றுக்கொண்டது. ஆயினும் மேற்பார்வை ஒழிந்துவிடவில்லை. கணக்கெழுதும் பொறிகள் நூற்றுக்கணக்கிற் பெருகியபின், அவற்றை மேற்பார்வை செய்வதற்கும் ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. அம்மேற்பார்வைக் கருவி எவ்வாறு தோன்றியது, அண்மைக்காலத்தில் எத்தகைய புதிய ஆற்றல்களைப் பெற்றுள்ளது, அவ்வாற்றல்களால் விளையும் நன்மையும் இடரும் யாவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொடுக்கல் வாங்கல் என்பது யாது?

ஒரு வங்கியிற் கந்தசாமி என்பாருடைய கணக்கிலிருந்து முருகேசு என்பாருடைய கணக்குக்கு ஐயாயிரம் ரூபா மாற்றப்படுகின்றது எனக் கொள்வோம். கணினி இங்கே இரண்டு செயல்களைச் செய்கின்றது. முன்னவர் கணக்கிற் குறைத்தல் ஒன்று. பின்னவர் கணக்கிற் கூட்டுதல் மற்றொன்று. முதற்செயல் முடிந்து இரண்டாவது தொடங்குமுன் மின்சாரம் நின்றுவிட்டால் என்னாகும்? ஐயாயிரம் ரூபா ஒருவர் கணக்கிலும் இல்லாது மறைந்துவிடும். ஆகவே இவ்விரு செயல்களும் ஒன்றாக நிறைவேற வேண்டும். இன்றேல் இரண்டும் நிகழாதனவாகவே கருதப்பட வேண்டும். பாதியில் நிற்பதற்கு இடமில்லை.

இவ்வாறு பிரிக்கவொண்ணாத செயற்றொகுதியே கணினியியலிற் கொடுக்கல் வாங்கல் எனப்படும். அமெரிக்க அறிஞர் ஜிம் கிரே 1981 ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுரையில் இக்கருத்தை வரையறுத்து விளக்கினார். ஜெர்மானிய அறிஞர்களாகிய தியோ ஹேர்டர், அந்திரேயாஸ் ரொய்ற்றர் ஆகிய இருவரும் 1983 ஆம் ஆண்டில் இதன் இலக்கணத்தை நான்கு பண்புகளாகத் தொகுத்தனர். பகுக்கப்படாமை, முரண்படாமை, ஒன்றினால் மற்றொன்று தடைப்படாமை, முடிந்தது அழியாமை என்பனவே அந்நான்கு பண்புகளாம். கிரே அவர்களுக்குக் கணினியியலின் மிகவுயர்ந்த பரிசாகிய ரூறிங் விருது 1998 ஆம் ஆண்டிற்கு வழங்கப்பட்டது.

இந்நான்கையும் காப்பதற்குக் கணினி ஒரு குறிப்பேட்டைத் துணையாகக் கொள்கின்றது. எந்தக் கணக்கை மாற்றுமுன்னும் அதன் பழைய நிலை குறிப்பேட்டிற் பதியப்படும். இடையில் தவறு நேரின், அக்குறிப்பைக் கொண்டு யாவும் பழைய நிலைக்கு மீட்கப்படும். இம்மீட்சியை நினைவிற் கொள்ளுதல் நன்று. மேற்பார்வைக் கருவியின் துணிவுக்கு அடிப்படையாவது இதுவே என்பது பின்னர் விளங்கும்.

கிக்ஸ் என்னும் முறைமை

முற்காலக் கணினிகள் வேலைகளைக் கட்டுக்கட்டாகவே செய்தன. பகலிற் சேர்ந்த பத்திரங்களைத் துளையிட்ட அட்டைகளாக்கி இரவில் ஒருங்கே கணக்கிட்டன. விமானத்தில் இருக்கை உண்டோ எனத் தொலைபேசியிற் கேட்பவனுக்கு நாளைக் காலையில் விடை கூறுதல் பயனற்றது. ஆகவே அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனமும் ஐ.பி.எம். நிறுவனமும் கூடி, உடனுக்குடன் விடையளிக்கும் சேபர் என்னும் இருக்கைப் பதிவு முறைமையை அமைத்தன. 1964 ஆம் ஆண்டளவில் அது நிறைவுற்றது. மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பிய அப்பலோ திட்டத்தின் எண்ணிலடங்கா உறுப்புக்களைக் கணக்கிடும் பொருட்டு ஐ.எம்.எஸ். என்னும் மற்றொரு முறைமை எழுந்தது. அது 1968 ஆம் ஆண்டிற் பணிபுரியத் தொடங்கிற்று.

மின்சாரம், எரிவாயு, தொலைபேசி முதலியவற்றை வழங்கும் கம்பனிகளுக்கும் இத்தகைய தேவை இருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் தமது கட்டணச்சீட்டைப் பற்றி வினவும்போது, அவருடைய கணக்கை இலிகிதர் அப்பொழுதே காணவேண்டும். இந்நோக்குடன் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1969 ஆம் ஆண்டிற் பொதுவாக வெளியிட்ட முறைமையே சி.ஐ.சி.எஸ். ஆகும். வாடிக்கையாளர் பற்றிய செய்திகளைக் கட்டுப்படுத்தும் முறைமை என்பது அப்பெயரின் பொருள். அமெரிக்கர் இதனை எழுத்தெழுத்தாக உச்சரிப்பர். ஆங்கிலேயர் ‘கிக்ஸ்’ என்று ஒரே சொல்லாகக் கூறுவர். இக்கட்டுரையிலும் அப்பெயரே வழங்கப்படுகின்றது.

இதனை வளர்க்கும் பொறுப்பு 1974 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹம்ப்ஷயர் மாகாணத்திலுள்ள ஹேர்ஸ்லி என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது ஸ்பிற்பயர் விமானத்தை வரைந்த குழுவினர் பணியாற்றிய மாளிகை அமைந்த ஊர் அது. பின்னர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அறிஞரும் ஹேர்ஸ்லிப் பொறியியலாளரும் கூடிக் கிக்ஸ் முறைமையின் பகுதிகளைக் கணித மொழியால் வரையறுத்தனர். அம்முயற்சிக்கு 1992 ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசியாரின் தொழினுட்பப் பரிசு கிடைத்தது. அரைநூற்றாண்டுக்கு மேலாகியும் வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், அரசாங்கத் திணைக்களங்கள் ஆகியவற்றின் பெருங்கணினிகளில், அதாவது மெயின்பிரேம் எனப்படுவனவற்றில், கிக்ஸ் இன்றும் இயங்கி வருகின்றது.

ஒன்று பலவானமை

தொடக்கத்தில் ஒரு நிறுவனத்துக்கு ஒரு கிக்ஸ் போதியதாயிருந்தது. அது பெருங்கணினியின் நினைவகத்தில் ஒரு பகுதியைத் தனதாக்கிக்கொண்டு இயங்கும். அப்பகுதியை ரீஜன் என்பர். தமிழிற் பிராந்தியம் எனலாம். ஒரு பிராந்தியத்துள் ஓடும் செய்நிரல்கள் யாவும் ஒரே கூரையின்கீழ் வாழும் குடும்பத்தினரைப் போல்வன. ஒருவர் அடுப்பைக் கவனியாதுவிட்டால் வீடு முழுவதும் எரிவதுபோல, ஒரு செய்நிரல் தன் எல்லை கடந்து எழுதினாற் பிராந்தியம் முழுவதும் வீழ்ந்துவிடும். அன்றியும், ஒரு பிராந்தியத்தின் பெரும்பாலான பணிகள் ஒரு நேரத்தில் ஒரு செயலியிலேயே முறைவைத்து ஓடுவன. கணினியிற் செயலிகள் பலவாகியபோது அவற்றின் பயனைப் பெறுதற்குப் பிராந்தியங்களும் பலவாக வேண்டியிருந்தது.

இக்காரணங்களால் ஒரே கிக்ஸ் மூவகைப் பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டது. முனையங்களிலிருந்து வரும் வேண்டுகோளை ஏற்பது ஒரு வகை. செய்நிரலை ஓட்டுவது மற்றொரு வகை. கோப்புகளைக் காப்பது பிறிதொரு வகை. வாயிற்காவலன், இலிகிதன், ஏட்டறைக் காப்பாளன் எனத் தொழில் பிரித்துக்கொண்டமை போன்றதே இது. இலிகிதன் ஒருவன் நோயுற்றால் வேறொருவனிடம் வேலையைக் கொடுக்கலாம். 1994 ஆம் ஆண்டளவிற் பல பெருங்கணினிகளை ஒன்றாகப் பிணைக்கும் முறை வந்தபின் பிராந்தியங்கள் மேலும் பெருகின. நூற்றுக்கணக்கான பிராந்தியங்களைக் கொண்ட நிறுவனங்கள் தோன்றலாயின.

பிரித்ததனால் உறுதி கிடைத்தது, காட்சி சிதறிற்று. இயக்குநரின் கருவியாவது 1971 ஆம் ஆண்டில் அறிமுகமான 3270 என்னும் முனைய வகை. அதன் பெருவழக்கான திரையில் இருபத்துநான்கு வரிகள். வரியொன்றில் எண்பது எழுத்துக்கள். ஒரு பிராந்தியத்தின் நிலையை அறிய விரும்பும் இயக்குநர் அதனுள் நுழைந்து, சி.ஈ.எம்.ரி. என்னும் நான்கெழுத்துக் கட்டளையை இட்டு விடை பெறுவார். அடுத்த பிராந்தியத்தை அறிய அதனுள்ளும் நுழைதல் வேண்டும். அறுபது பிராந்தியங்களில் ஒரே கோப்பை மூடவேண்டுமாயின் அறுபது முறை கட்டளையிடல் வேண்டும். ஐம்பத்தொன்பதாவது இடத்திற் கை சோர்ந்து ஓரிடம் தவறினால், அத்தவற்றை எவரும் உடனே காணார்.

ஒரே தோற்றமும் வேலைப்பகிர்வும்

இக்குறையை நீக்க எழுந்ததே கிக்ஸ்பிளெக்ஸ் எஸ்.எம். என்னும் மேற்பார்வை மென்பொருள். முதலில் தனிப் பொருளாக விற்கப்பட்ட இது, 1996 ஆம் ஆண்டிற் கிக்ஸ் முறைமையின் ஒரு பகுதியாகவே சேர்க்கப்பட்டது. தொடர்புள்ள பிராந்தியங்களின் கூட்டம் கிக்ஸ்பிளெக்ஸ் எனப்படும். கண்காணிக்கப்படும் பிராந்தியம் ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு முகவர் அமர்த்தப்படும். அம்முகவர்கள் தத்தம் பிராந்தியத்தின் நிலையை மேற்பார்வைப் பிராந்தியம் ஒன்றுக்கு அறிவிப்பர். இயக்குநர் அங்கே ஒருமுறை வினவினாற் கூட்டம் முழுவதன் நிலையும் ஒரே அட்டவணையாகத் தோன்றும். கட்டளையும் அவ்வாறே. ஒரு பிராந்தியத்துக்கு, ஒரு தொகுதிக்கு, அன்றி முழுக் கூட்டத்துக்கு என எல்லையை வகுத்து ஒரே கட்டளையை இடலாம். பல பொறிகள் ஒரு பொறியாகத் தோன்றும் இந்நிலையே இம்மென்பொருளின் உயிர்நாடி எனலாம்.

கண்காணித்தலோடு அமையாது, வேலையைப் பகிர்ந்தளிக்கும் தொழிலையும் இது செய்கின்றது. வரும் வேண்டுகோளை எந்தப் பிராந்தியத்துக்கு அனுப்புவது என்பதை, எங்கே வரிசை குறுகியது, எது நலமாயிருக்கின்றது என்பவற்றை நோக்கித் தீர்மானிக்கும். ஆயின் இத்தீர்மானத்திற் பன்னெடுநாளாக ஒரு குறை இருந்தது. பல கருமபீடங்கள் உள்ள தபாற்கந்தோரின் வாயிலில் ஒரு காவலாளி நிற்கின்றான் எனக் கொள்க. எக்கருமபீடத்தில் ஆட்கள் குறைவு என்பதைக் கால்மணிக்கு ஒருமுறைதான் அவன் எட்டிப்பார்க்கின்றான். மூன்றாவது கருமபீடம் வெறுமையாயிருக்கக் கண்டால், அடுத்த கால்மணி நேரம் வருவோர் யாவரையும் அங்கேயே அனுப்புவான். மீண்டும் பார்க்கும்போது அங்கே பெருங்கூட்டம் நிற்க, ஏனையவை வெறுமையாயிருக்கும். வெவ்வேறு மேற்பார்வைப் பிராந்தியங்களின் கீழுள்ளவை தம் நிலையைப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறையே பரிமாறிக்கொண்டமையால், கிக்ஸ்பிளெக்ஸில் நிகழ்ந்ததும் இதுவே. பதினைந்து விநாடி மனிதனுக்குச் சிறு பொழுது. விநாடிக்குப் பல்லாயிரம் வேண்டுகோள்களைப் பெறும் கணினிக்கு அது நெடுங்காலம்.

2009 ஆம் ஆண்டில் வெளிவந்த 4.1 ஆம் பதிப்பு இக்குறையைக் களைந்தது. பிணைக்கப்பட்ட பெருங்கணினிகள் யாவும் அணுகத்தக்க பொது நினைவகம் ஒன்று உண்டு. பிராந்தியங்கள் தம் நிலையை அங்கே எழுதிவைக்க, வேலையைப் பகிர்வோர் அதனை அவ்வப்போது படித்துத் தீர்மானிக்கலாயினர். காவலாளி எட்டிப்பார்த்தல் ஒழிந்தது. ஒவ்வொரு கருமபீடத்தின் மேலும் ஆட்டொகை காட்டும் பலகை தொங்கவிடப்பட்டது போன்றதாயிற்று. மேற்பார்வையின் தரம் கட்டளையின் வலிமையில் மட்டுமன்று, செய்தியின் புதுமையிலும் தங்கியுள்ளது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டாகும்.

புதிய முகம்

அதே 2009 ஆம் ஆண்டிற் கிக்ஸ் எக்ஸ்புளோரர் என்னும் கருவியும் வெளிவந்தது. செய்நிரல் எழுதுவோர் முன்னரே பழகியிருந்த எக்லிப்ஸ் என்னும் தளத்தின்மீது அமைந்த இது, மேசைக்கணினியில் இயங்குவது. பெருங்கணினியோடு இணையத்தளங்கள் வழங்கும் முறையிலேயே உரையாடுகின்றது. பிராந்தியங்கள், கோப்புகள், செய்நிரல்கள், ஓடிக்கொண்டிருக்கும் பணிகள் முதலியன தனித்தனி அட்டவணைகளாகத் தோன்றும். வேண்டியவாறு வடிகட்டலாம், வரிசைப்படுத்தலாம், பல வரிகளைத் தெரிந்து ஒரே செயலை அவற்றின்மீது செலுத்தலாம். நான்கெழுத்துக் கட்டளைகளை மனனஞ் செய்யாத இளைஞரும் இதனாற் கிக்ஸ் முறைமையை அணுக முடிந்தது.

அட்டவணை மிக நீண்டால் அதுவும் கண்ணை மறைக்கும். இருநூறு பிராந்தியங்களில் ஒரே செய்நிரல் இருப்பின் இருநூறு வரிகள் தோன்றும். அவற்றுள் நூற்றுத்தொண்ணூற்றொன்பது ஒரே தன்மையனவாயிருக்க, ஒன்று மட்டும் மாறுபட்டிருக்கலாம். இயக்குநர் காணவேண்டியது அந்த ஒன்றையே. 2018 ஆம் ஆண்டின் 5.5 ஆம் பதிப்பையொட்டி, ஒத்த வரிகளைத் தொகுத்து எண்ணிக்கையுடன் காட்டும் ஆற்றல் எக்ஸ்புளோரருக்குக் கிடைத்தது. அப்பொழுது இருநூறு வரிகள் இரண்டு வரிகளாகச் சுருங்கும். ஒன்றன் அருகில் 199 எனவும் மற்றொன்றன் அருகில் 1 எனவும் இருக்கும். தவறு தானாகவே வெளியில் வந்து நிற்கும். ஒரு பொருள் எவ்வெப் பொருளோடு தொடர்புடையது என்பதை ஒரே வினாவாற் கேட்டறியும் வழியும் அப்பதிப்பிலேயே அமைந்தது. 2022 ஆம் ஆண்டின் 6.1 ஆம் பதிப்பிற் பிராந்தியங்களுக்கு அடையாளச் சொற்களைச் சூட்டும் வசதி சேர்ந்தது. எட்டெழுத்துக்கு மேற்படாத பிராந்தியப் பெயரைக் கண்டு பொருளறிய மாட்டாத புதியவரும், இது சோதனைக்குரியது, இது வங்கிக் கிளைகளுக்குரியது எனச் சொல்லைக் கண்டு தெளியலாம்.

கொள்கையால் ஆளுதல்

இதுகாறும் கூறியவை காண்பதற்கு உதவுவன. காணும் மனிதன் கண்ணயரலாம். ஆகவே மனிதன் காணாதபோதும் செயற்படும் ஒழுங்கொன்று வேண்டப்பட்டது. அதனையே கொள்கை என்பர். 2012 ஆம் ஆண்டின் 5.1 ஆம் பதிப்பில் இது புகுந்தது.

செய்நிரல் ஒன்று பிழையாற் சுழலில் அகப்பட்டுத் தரவுத்தளத்தை ஓயாது வினவிக்கொண்டிருக்கின்றது எனக் கொள்க. முன்னாளில் வாடிக்கையாளர் தாமதத்தைக் கண்டு முறையிட்ட பின்னரே இயக்குநர் விழிப்புற்றுக் காரணத்தைத் தேடுவார். இப்பொழுது, ஒரு பணி இத்தனை முறைக்கு மேல் வினவலாகாது, இவ்வளவு நேரத்துக்கு மேற் செயலியைப் பயன்படுத்தலாகாது, இவ்வளவுக்கு மேல் நினைவகத்தைக் கொள்ளலாகாது என முன்கூட்டியே விதிகளை எழுதிவைக்கலாம். விதி மீறப்படின் எச்சரிக்கை எழுதுதல், நிகழ்ச்சியறிவித்தல் அனுப்புதல், அப்பணியை நிறுத்திவிடுதல் என்பவற்றுள் வேண்டியதொன்றைக் கணினியே செய்யும். 2017 ஆம் ஆண்டின் 5.4 ஆம் பதிப்பில், தனிப் பணிக்கேயன்றிப் பிராந்தியத்தின் நிலைக்கும் இத்தகைய விதிகள் வகுக்கப்பட்டன.

ஓடும் பணியைப் பாதியில் நிறுத்துதல் ஆபத்தன்றோ என ஐயுறலாம். இங்கேதான் முன்னர்க் கூறிய மீட்சி துணைவருகின்றது. நிறுத்தப்பட்ட பணி செய்த மாற்றங்கள் குறிப்பேட்டின் துணையாற் பழைய நிலைக்கு மீளும். கந்தசாமியாரின் பணம் அவரிடமே இருக்கும். பகுக்கப்படாமை என்னும் இலக்கணம் இல்லாவிடின், தானே நிறுத்தும் கொள்கைக்கு இடமேயில்லை.

ஆயினும் கொள்கை மனித அறிவுக்கு மாற்றாகாது. எல்லையை மிகக் குறுக்கி வகுத்தால், மாத இறுதியில் நியாயமாகவே நீண்டு ஓடும் சம்பளக் கணக்கும் கொல்லப்படும். மிக விரித்து வகுத்தாற் பயனில்லை. ஆதலின் முதலில் எச்சரிக்கை மட்டும் எழுதச் செய்து, சில வாரங்கள் அவதானித்து, வழக்கமான அளவையும் வழக்கத்துக்கு மாறானதையும் வேறுபடுத்தியறிந்த பின்னரே நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுத்தல் தக்கது.

நீண்ட கையின் இடர்

மேற்கூறிய ஆற்றல்கள் யாவும் ஒரு மனிதனின் கண்ணை அகலமாக்கின, கையை நீளமாக்கின. அறுபது முறை கட்டளையிட்ட காலத்தில் ஒரு தவறான கட்டளை ஒரு பிராந்தியத்தையே கெடுத்தது. ஒரே கட்டளை அறுபதையும் எட்டும் காலத்தில் ஒரு தவறு அறுபதையும் கெடுக்கும். சரியான செயலுக்கு உதவும் அதே வழி பிழையான செயலுக்கும் திறந்திருக்கின்றது.

இது வெறுங் கற்பனையன்று. 2012 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பிரித்தானியாவின் ரோயல் பாங்க் ஒவ் ஸ்கொட்லாந்துக் குழுமத்தில் நிகழ்ந்ததை நோக்குக. அங்கே பழுதுற்றது கிக்ஸும் அன்று, அதன் மேற்பார்வைக் கருவியும் அன்று. இரவு வேலைகளை வரிசைப்படுத்தி நடத்தும் வேறொரு நிர்வாக மென்பொருளின் புதிய பதிப்பு அம்மாதம் 17 ஆந் திகதி நிறுவப்பட்டது. அதிற் குறை காணப்பட்டதும், பழைய பதிப்புக்கு மீளத் தொழினுட்பப் பிரிவினர் தீர்மானித்தனர். மீள்வதன் விளைவு முன்னர்ச் சோதிக்கப்படவில்லை. புதியதும் பழையதும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதன என்பது உணரப்படவுமில்லை. விளைவாக இரவு வேலைகள் குழம்பின. நற்வெஸ்ற், அல்ஸ்ரர் வங்கி முதலியவற்றின் வாடிக்கையாளர் உட்பட ஐக்கிய இராச்சியத்தில் அறுபத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். தம் கணக்கின் சரியான நிலுவையை அறியவும், உரிய காலத்திற் கடன் தவணைகளைச் செலுத்தவும் பலரால் இயலவில்லை. இடையூறு சில வாரங்கள் நீடித்தது. 2014 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நிதி ஒழுங்காற்றும் அதிகாரசபைகள் இரண்டும் முறையே 42 மில்லியன் பவுணும் 14 மில்லியன் பவுணுமாக மொத்தம் 56 மில்லியன் பவுண் தண்டம் விதித்தன.

இந்நிகழ்ச்சியிற் கணக்கெழுதும் முறைமை தன் கடமையில் வழுவியதாகக் கூறுவதற்கில்லை. அதனை நடத்தும் கருவியே இடறிற்று. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் மீட்சி உண்டு. நிர்வாகச் செயலுக்கு அத்தகைய இயல்பான மீட்சி இல்லை. அதனை மனிதரே முன்கூட்டி அமைத்தும் சோதித்தும் வைத்தல் வேண்டும்.

கையைக் கட்டும் வசதிகள்

இவ்வுண்மையை நோக்கும்போது, புதிய வசதிகளுள் மிகச் சிறந்தவை எவை என்னும் வினாவுக்கு விடை எளிதாகும். கையை நீட்டுவனவற்றினும், நீண்ட கையைக் கட்டுப்படுத்துவனவே சிறந்தவை.

அவற்றுள் முதலாவது, வேலைப்பகிர்விலேயே உள்ள விலக்கி வைத்தல் என்னும் வழி. ஒரு பிராந்தியத்தைத் திருத்த வேண்டுமாயின் அதனைச் சடுதியாக நிறுத்த வேண்டுவதில்லை. புதிய வேலை அங்கே செல்லாது தடுத்து, உள்ள வேலை முடியும்வரை காத்திருந்து, பின்னர் நிறுத்தலாம். வாடிக்கையாளர் எவரும் அதனை அறியார்.

இரண்டாவது, வரையறைகளை எழுத்திலே வைத்தல். முன்னாளிற் கோப்பு, செய்நிரல் முதலியவற்றின் வரையறைகளை அதிகாரமுள்ள சிலர் திரையில் நேராகத் தட்டெழுதி மாற்றினர். யார், எப்பொழுது, எதற்காக மாற்றினர் என்பது பலவேளைகளில் அவர் நினைவிலேயே தங்கியது. 6.1 ஆம் பதிப்பையொட்டி வந்த வரையறை ஆக்கி என்னும் துணைக்கருவி, இவ்வரையறைகளை யாவரும் படிக்கத்தக்க உரைக்கோப்பாக எழுத வழிசெய்தது. நிறுவனத்தின் பெயரிடும் மரபு, எழுதத்தக்க எல்லைகள் என்பவற்றை முதுநிலை உத்தியோகத்தர் மாதிரியாக வகுத்துவைப்பர். அம்மாதிரிக்கு ஒவ்வாத வரையறை பெருங்கணினியை அடையுமுன்னரே மறுக்கப்படும். உரைக்கோப்பாதலின் பழைய பிரதியும் புதிய பிரதியும் அருகருகே வைத்து ஒப்புநோக்கப்படலாம். பிறர் ஒருவர் பார்த்து ஒப்புதல் அளிக்கலாம். வேண்டின் பழைய பிரதிக்கு மீளலாம். சோதனைப் பிராந்தியத்துக்கும் உண்மைப் பிராந்தியத்துக்கும் உரிய சிறு வேறுபாடுகளைத் தனிக்கோப்பாக எழுதிப் பொருத்தும் முறையும் அப்பதிப்பில் வந்தது. ஆதலாற் சோதிக்கப்பட்டது எதுவோ அதுவே உண்மைப் பணிக்கும் செல்கின்றது என்னும் உறுதி பெரிதும் கிடைக்கின்றது.

மூன்றாவது, ஆளறிதல். கடவுச்சொல் ஒன்றை மட்டும் நம்பாது, வேறோர் அத்தாட்சியையும் கேட்கும் வசதி அண்மைப் பதிப்புகளில் உண்டு. பார்க்கும் உரிமை வேறு, மாற்றும் உரிமை வேறு எனப் பகுத்து வழங்குதலும் கூடும். கற்றுக்கொள்ளும் இளைஞருக்கு முதலிற் பார்க்கும் உரிமையை மட்டும் வழங்கின், அவர் அச்சமின்றி முறைமையை ஆராய்ந்தறிவர்.

பெருங்கணினியிற் பல்லாண்டு பழகியவர்கள் ஓய்வுபெற்றுச் செல்லுங்காலத்தில் இக்கடைசி வசதி பெரிதும் வேண்டப்படுவதாகும். 2018 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். உட்பட மூன்று நிறுவனங்கள் கூடித் தொடங்கிய சோவ் என்னும் திறந்த மூலத் திட்டம், இளைஞர் பிற கணினிகளிற் பழகிய கருவிகளைக் கொண்டே பெருங்கணினியையும் அணுக வழிவகுத்தது. கிக்ஸ் பிராந்தியங்களை அவ்வழியாகக் காணும் துணைக்கருவியும் உண்டு. ஆயினும் திரை எளிதாயிற்று என்பதனாற் பொருள் எளிதாகிவிட்டது எனக் கருதலாகாது. அட்டவணையின் ஒரு வரியை நீக்குதல் ஒரு விரலசைவே. அவ்வரியின் பின்னால் ஆயிரம் குடும்பங்களின் சம்பளம் நிற்கலாம். முன்னாளில் நான்கெழுத்துக் கட்டளையைக் கற்க எடுத்த காலத்திலேயே அதன் விளைவையும் மாணவன் கற்றுக்கொண்டான். இந்நாளிற் கட்டளையைக் கற்கும் காலம் குறைந்துவிட்டமையின், விளைவைக் கற்பித்தல் தனிப் பாடமாகவே அமைதல் வேண்டும்.

முடிவுரை

சிதறிய காட்சியை ஒன்றாக்குதல், பழைய செய்தியைப் புதுச்செய்தியாக்குதல், ஒத்தவற்றைச் சுருக்கி ஒவ்வாததைக் காட்டுதல், மனிதன் காணாதபோதும் விதியாற் காத்தல், மாற்றங்களை எழுத்திலே நிறுத்துதல் என இம்மேற்பார்வைக் கருவியின் வளர்ச்சி படிப்படியாக நிகழ்ந்துள்ளது. கணக்கெழுதும் பொறி, பாதியில் நில்லாமை என்னும் ஒழுக்கத்தை அரைநூற்றாண்டுக்கு முன்னரே கைக்கொண்டது. அதனை மேற்பார்வை செய்வோரும் தம் செயலுக்கு அவ்வொழுக்கத்தையே மேற்கொள்ளுதல் வேண்டும். மாற்றுமுன் பழைய நிலையைக் குறித்துவைத்தல், மீளும் வழியைச் சோதித்தறிதல், அதன்பின்னரே கட்டளையிடுதல் என்னும் மூன்றும் அதன் அங்கங்களாம். கருவியின் புதிய வசதி ஒவ்வொன்றையும் இவ்வொழுக்கத்துக்கு உதவுகின்றதோ என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே அறிவுடைமையாகும்.